வாசலோடு முடிவதில்லை வைத்தியம்

தலைப்பு: காலையில் அறுவை, மாலையில் வீடு: இந்தப் புதுமுறையால் குடும்பங்களில் பெருகுவது நிம்மதியே! கவலையே!

அணி: கவலையே!

எந்தப் பக்கமும் சாயாதது போலவே உட்கார்ந்திருக்கும் நடுவர் அவர்களே! நிம்மதி நிம்மதி என்று அரை மணி நேரம் பேசி என் நிம்மதியைக் கெடுத்துவிட்ட எதிரணி நண்பர்களே! பனியையும் பொருட்படுத்தாமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் திருவாலங்காட்டுப் பெருமக்களே!

போட்டி என்றால் அதற்குப் பொருத்தமான ஊர் இது. ஈசனும் காளியும் ஆட்டப் போட்டி போட்ட ஊர். ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. கீழே விழுந்த காதணியைக் காலாலேயே எடுத்து, காலை மேலே தூக்கி, காதிலே மாட்டி, ஈசன் ஜெயித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. எதிரணியிலே ஒரு சகோதரி இருக்கிறார்கள். அவர்களை ஜெயிக்க நான் காலைத் தூக்கப் போவதில்லை. வயது ஐம்பத்தாறு. தூக்கினால், இன்றைய தலைப்பு எனக்கே நடந்துவிடும்! (சிரிப்பு)

ஐயா, முதலில் எதிரணிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். தமிழன் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவான்.

இந்த முறை நல்ல முறை. யார் இல்லை என்றது? நம்ம தாத்தா காலத்தில் கண்ணில் புரை எடுத்தால், தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள் கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். இன்றைக்குக் காலையிலே போய், கண்ணாடி வில்லை வைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து டி.வி. பார்க்கிறார் பெரியவர். பார்க்காதீங்கன்னு டாக்டர் சொன்னதையும் மீறிப் பார்க்கிறார்! (சிரிப்பு)

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. ஸ்காட்லாந்து தேசத்திலே கிளாஸ்கோ நகரம். ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர். 1909-ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கை கொடுத்தார். பத்து ஆண்டுகளில் ஒன்பதாயிரம் குழந்தைகளுக்கு, பன்னிரண்டுதான் குறைவு, அறுவை செய்து, படுக்கையில் வைக்காமல் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். குழந்தைக்குத் தாயின் மடியை விட நல்ல கட்டில் எது என்பது அவர் கட்சி. 1970-இலே அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் ரீட், ஃபோர்டு என்ற இரண்டு மயக்கவியல் மருத்துவர்கள், இதற்கென்றே தனி நிலையம் திறந்தார்கள். அங்கிருந்து உலகம் முழுதும் பரவியது.

நம்ம ஊரை விட்டுவிட முடியுமா? மதுரையிலே டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-இலே, பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையால் ஆயிரமாயிரம் பேருக்கு வெளிச்சம் கொடுத்தார். இன்றைக்கு உலகமே வந்து பாடம் படித்துவிட்டுப் போகிறது.

இதையெல்லாம் சொன்ன சகோதரி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அங்கே நிம்மதி எப்படி வந்தது? சீக்கிரம் அனுப்பியதால் வந்ததா? ஐயா, ஒழுங்கால் வந்தது. யார் கை கழுவுவது, யார் கருவியைக் கொதிக்க வைப்பது, எந்தக் கண் என்று யார் சரிபார்ப்பது, வீட்டுக்குப் போனவரை மறுபடி யார் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் விதி. வேகம் கண்ணுக்குத் தெரிகிறது. விதி கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் காப்பியடித்தால் என்ன ஆகும்?

அதே கண்புரை அறுவைதான். 2008 ஜூலை மாதம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலே ஒரு கிராமம். இலவச முகாம். ஏழை ஜனங்கள், வயசானவர்கள், நம்பிப் போனார்கள். கிருமித் தொற்று. 66 பேருக்குப் பார்வை போனது. சி.பி.ஐ. விசாரணை வரைக்கும் போன விஷயம் அது. மங்கலாகவாவது பேரப்பிள்ளை முகம் தெரிந்தது, அதுவும் போச்சு. அந்த 66 வீட்டிலே போய் நின்றுகொண்டு, "காலையில் அறுவை, மாலையில் நிம்மதி" என்று என் எதிரணி நண்பர் சொல்வாரா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, கத்தி ஒன்றுதான். விதியோடு வந்தால் வைத்தியம். விதியில்லாமல் வந்தால் நம்ம தலைவிதி!

இப்போ இன்னொரு கேள்வி. அறுவை சிகிச்சை எங்கே நடக்கும்? மருத்துவமனையில் நடக்கும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சொல்லுமா? 2016 மே மாதம், சென்னை மாநகரம். 22 வயதுப் பையன். அவனே மருத்துவக் கல்லூரி மாணவன். முடி கொட்டுகிறது என்று, முடி நடும் சிகிச்சைக்குப் போனான். மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். உடம்பு மோசமாகி, வேலூர் வரைக்கும் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. பிறகு அதிகாரிகள் போய்ப் பார்த்தால், அந்த இடத்துக்கு இருந்த உரிமம் எதற்கு? முடிதிருத்தும் நிலையத்துக்கு!

ஐயா, நாற்காலியைச் சுழற்றி விட்டு, "கட்டிங்கா ஷேவிங்கா" என்று கேட்கிற இடத்துக்குக் கொடுக்கிற சீட்டு. அதை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுத்தார்கள். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியவில்லை என்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? இந்தத் திருவாலங்காட்டிலே சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிட்டு வருகிற விவசாயிக்கு எப்படித் தெரியும்? வெளியிலே பலகை பளபளப்பாக இருக்கிறது. உள்ளே ஏ.சி. ஜில்லென்று இருக்கிறது. நாம் அதைத்தானே பார்க்கிறோம்?

"சட்டம் இல்லையா?" என்று கேட்டார் எதிரணியின் வங்கி நண்பர். இருக்கிறது ஐயா. சொல்கிறேன், கேளுங்கள். தமிழ்நாட்டிலே தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997-இலே சட்டசபையில் சட்டம் போட்டார்கள். இந்தியாவிலே பல மாநிலங்கள் யோசிக்கும் முன்பே போட்டார்கள். மத்திய அரசு சட்டம் கொண்டு வந்ததே 2010-இலே! நாம்தான் முன்னாடி. பெருமைதான். ஆனால் சட்டம் ஓட விதிகள் வேண்டும். வண்டி வாங்கினால் சக்கரம் வேண்டாமா? அந்த விதிகள் எப்போது வந்தன தெரியுமா? 2018-இலே! இருபத்தோரு வருஷம்! 1997-இலே பிறந்த குழந்தை, பள்ளிக்கூடம் போய், காலேஜ் போய், ஓட்டுப் போட்டு, மாப்பிள்ளை பார்க்கிற வயசுக்கு வந்துவிட்டது. விதி வரவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இடையிலே இருக்கிற ஆண்டைப் பாருங்கள். 2016. அந்தப் பையன் போன ஆண்டு. சட்டம் இருந்தது. சக்கரம் இல்லை. 2018-க்குப் பிறகு, ஒரே மருத்துவர் நடத்துகிற கிளினிக்கிலிருந்து பெரிய மருத்துவமனை வரை பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளையும் இந்தச் சட்டத்துக்குள்ளே கொண்டு வந்தார்கள். நல்லது. நான் பாராட்டுகிறேன். ஆனால் பதிவு என்பது ஜாதகம் மாதிரி. ஜாதகம் பொருந்திவிட்டது என்பதற்காகக் குடும்பம் நடந்துவிடுமா? பதிவுக்குப் பிறகு யாராவது போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் இருக்கிறதா? மயக்க மருந்து கொடுப்பவர் மயக்கம் தெளிகிறவரைக்கும் இருக்கிறாரா? கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடுமா? நிலைமை கெட்டால் எந்தப் பெரிய மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், எத்தனை நிமிஷத்தில்? இதையெல்லாம் கேட்டு வருவதற்குப் பெயர்தான் கண்காணிப்பு.

இந்த இடத்திலே ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நம் நாட்டிலே இதையெல்லாம் ஒருத்தர் ஒழுங்காகக் கேட்கிறார். யார் தெரியுமா? இன்சூரன்ஸ்காரர்! (சிரிப்பு) முன்பெல்லாம் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம். இப்போது மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ போட்டு, 24 மணி நேரத்துக்குள் முடிகிற சிகிச்சைக்கும் உண்டு. ஆனால் பாலிசியிலே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். அந்த இடத்தில் தகுதி பெற்ற செவிலியர் இருக்க வேண்டும். தகுதி பெற்ற மருத்துவர் பொறுப்பில் இருக்க வேண்டும். சொந்தமாக முழு வசதியோடு ஆபரேஷன் தியேட்டர் இருக்க வேண்டும். தினசரிப் பதிவேடு இருக்க வேண்டும். நான்கு நிபந்தனை!

தன் பணத்துக்கு அவர் நாலு கேள்வி கேட்கிறார். நம் உயிருக்கு நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்? கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். உடம்பை அறுக்கக் கொடுக்கும்போது மட்டும், "டாக்டர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்! (பலத்த கைதட்டல்)

டாக்டர்களைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நல்ல மருத்துவரைத் தெய்வம் என்று கும்பிடுகிற வீடு என் வீடு. அந்த நல்லவர்களுக்கே ஓர் உண்மை தெரியும். மறதி மனித குணம். அதனால்தான் 2008-இலே உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. முன் நின்று செய்தவர் அதுல் கவாண்டே, இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன டாக்டர் தம்பதியின் பிள்ளை. பத்தொன்பதே வரி. இவர்தான் நோயாளியா, எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, உள்ளே வைத்த பஞ்செல்லாம் எண்ணிக்கை சரியா, இவ்வளவுதான். எட்டு நகரங்களில் செய்து பார்த்தார்கள்; புது தில்லியும் ஒன்று. நூற்றுக்கு ஒன்றரை என்றிருந்த மரணம் 0.8 ஆனது. கிட்டத்தட்டப் பாதி! புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரு காகிதம்! நம்ம வீட்டு அம்மா மளிகைக்கு எழுதுகிற பட்டியலில் இதைவிட அதிக வரி இருக்கும்!

இந்தப் பட்டியல் ஏன் வேண்டும் என்பதற்கு நெஞ்சு பதறுகிற ஒரு சாட்சி. 2014 நவம்பர் 8. சத்தீஸ்கர் மாநிலம், பிலாஸ்பூர் பக்கம். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். பூட்டிக் கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடம். ஒரே நாளில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு அறுவை. ஒரு குழு ஒரு நாளைக்கு முப்பதைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் நெறிமுறை இருக்கிறது. இருந்தும் 83! காலையில் வந்தார்கள், அன்றே வீட்டுக்குப் போனார்கள். போனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் செத்துப்போனார்கள். எல்லாம் கூலிக்குப் போகிற இளம் தாய்மார்கள். இடுப்பிலே பிள்ளை. 2016-இலே உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்துங்கள் என்று உத்தரவே போட்டது.

நடுவர் அவர்களே, அந்தப் பெண்களுக்கு ஆபத்து எங்கே வந்தது? அறுவை நடந்தபோது இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு! வாந்தி வருகிறது, வயிறு வலிக்கிறது, யாரிடம் கேட்பது? இதுதான் இந்தத் தலைப்பின் உயிர்நாடி. மருத்துவமனையின் கவலையை மூட்டை கட்டி, ஆட்டோவிலே ஏற்றி, நம் வீட்டுத் திண்ணையிலே இறக்கிவிட்டுப் போகிற ஏற்பாடுதான் இந்த ஒருநாள் அறுவை! (கைதட்டல்)

படுக்கையில் வைத்துக்கொண்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 நவம்பர். சென்னை. பதினேழு வயசுக் கால்பந்து வீராங்கனை. முழங்காலில் சவ்வு கிழிந்ததற்கு ஓர் அரசு மருத்துவமனையிலே துளை வழி அறுவை. அறுவைக்குப் பிறகு போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுவிட்டது என்று அரசாங்கமே சொன்னது. காலை எடுத்தார்கள். உயிரும் போனது. ஓடிப் பந்தை உதைத்த கால் ஐயா! அறுவைக்குப் பிறகு வருகிற மணித்துளிகள்தான் கவனிக்க வேண்டிய நேரம். படுக்கையில் இருக்கும்போதே அது தவறலாம் என்றால், பார்க்க ஆளே இல்லாத வீட்டில் என்ன கதி?

இங்கேதான் வள்ளுவர் வருகிறார். அவர் வராமல் தமிழ்ப் பேராசிரியன் மேடையை விட்டு இறங்கினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். (சிரிப்பு) மருந்து என்று ஓர் அதிகாரம், 95-ஆவது. அதன் கடைசிக் குறளிலே மருத்துவத்துக்கு நாலு பகுதி என்கிறார். நோயாளி ஒன்று. மருத்துவர் இரண்டு. மருந்து மூன்று. நான்காவது யார்? பக்கத்திலே இருந்து மருந்து கொடுக்கிறவர்! மருத்துவருக்குச் சமமாக அந்த நான்காவது ஆளை உட்கார வைத்தவர் வள்ளுவர்.

ஒருநாள் அறுவையிலே அந்த நான்காவது ஆள் யார்? தாய்மார்களே, கையைத் தூக்குங்கள்! நீங்கள்தான்! சம்பளம் இல்லாத, பயிற்சி இல்லாத, ஷிப்ட் இல்லாத நர்ஸ்! வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மாலையிலே வந்துவிட்டார். நிம்மதியாம்! ராத்திரி முழுக்க அவர் தூங்குகிறார். இந்த அம்மா தூங்கவில்லை. கட்டு நனைந்திருக்கிறதா? காய்ச்சலா? இன்னும் சிறுநீர் போகவில்லையே, இது சாதாரணமா? நடு ராத்திரியில் யாருக்குப் போன் செய்ய? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திலே இப்படித்தான் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தார்கள். அந்த மருத்துவமனையில் எடுத்தவர் வாட்ச்மேன். "காலையிலே ஓ.பி.க்கு வாங்கம்மா" என்றாராம். அவர் என்ன செய்வார், பாவம்? நான்காவது ஆளுக்குத் துணை, ஐந்தாவது ஆளாக வாட்ச்மேன்! (சிரிப்பு)

இந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் கவலை பாதியாகும். கனடாவில் டொராண்டோவிலே, ஒருநாள் அறுவை முடிந்தவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க மார்க் போடுகிற முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து பாடம். நாடியும் ரத்த அழுத்தமும் ஒன்று. எழுந்து நடப்பது இரண்டு. வாந்தி, குமட்டல் மூன்று. வலி நான்கு. ரத்தக் கசிவு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். மொத்தம் பத்து. எத்தனை வாங்கினால் பாஸ்? என் வகுப்பிலே நூற்றுக்கு நாற்பது வாங்கினால் பாஸ் என்று போட்டுவிடுவோம். இங்கே பத்துக்கு ஒன்பது வாங்கினால்தான் பாஸ்! வாங்காதவர் ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். வாங்கினவருக்கும் 24 மணி நேரம் ஒரு பெரியவர் துணை இருக்க வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. பத்திரத்திலே கையெழுத்துப் போடக் கூடாது. மச்சான்மார்கள் கவனிக்க! (சிரிப்பு)

"இவ்வளவு விதி போட்டால் சின்ன ஊரில் நர்சிங் ஹோம் நடத்த முடியாது, மூடிவிடுவார்கள், அப்புறம் ஜனங்கள் சென்னைக்கு ஓட வேண்டும்" என்று சகோதரி கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். இந்த ஊருக்கு ரயிலேறினால் ஒரு பக்கம் அரக்கோணம், ஒரு பக்கம் திருவள்ளூர். பக்கத்து ஊர் டாக்டர்தான் நமக்கு ஆபத்பாந்தவர். அவர் மூடக் கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன், விதி ஆளுக்குத் தகுந்த சட்டை மாதிரி இருக்கட்டும். கால் ஆணி எடுப்பவருக்கும் முழு மயக்கம் கொடுத்துப் பித்தப்பை எடுப்பவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்காதீர்கள். மரத்துப்போகும் ஊசியோடு முடிகிற வேலைக்குக் குறைந்த விதி. முழு மயக்கத்துக்கு முழு விதி. சின்ன மருத்துவமனைக்குக் கால அவகாசம் கொடுங்கள், கடன் கொடுங்கள். 2022 ஜனவரியிலே திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே, அதோடு சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகளை இணைத்து வையுங்கள். நிலைமை கெட்டால் தயங்காமல் அனுப்பலாம். ஆனால் ஆக்ஸிஜன் இல்லாமல் மயக்க மருந்து கொடுக்கிற உரிமையை மட்டும் எந்த ஊர்க்காரரும் கேட்கக் கூடாது!

"தப்பு நடந்தால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது" என்றார் வங்கி நண்பர். உண்மை. 1995 நவம்பரிலே உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்கிற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் நண்பரே, வழக்கு என்பது வெள்ளம் போன பிறகு போடுகிற அணை. இழப்பீட்டுக் காசோலை வரும். அப்பா வருவாரா? வங்கியிலே வேலை பார்ப்பவர், எல்லாமே காசோலையாகத் தெரிகிறது! (சிரிப்பு)

அறுவைக்குப் பிறகு மறுபடி வந்து பார்க்கச் சொல்வது புது வழக்கமா? திருவள்ளூரிலே வைத்திய வீரராகவப் பெருமாள். பெயரிலேயே வைத்தியர். நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் மூன்று அமாவாசை தொடர்ந்து வர வேண்டும் என்பது ஐதீகம். குளத்திலே வெல்லம் கரைப்பார்கள். யோசித்துப் பாருங்கள். பெருமாளே, ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. மூன்று தடவை வா, பார்க்கிறேன் என்கிறார்! கடவுளே மறுபரிசோதனைக்குக் கூப்பிடுகிறார். மனுஷன் பில்லை வாங்கிக்கொண்டு, "எல்லாம் சரியாப் போயிடும், கிளம்புங்க" என்கிறான்! (பலத்த கைதட்டல்)

ஒரு யோசனை சொல்கிறேன். 2021 ஆகஸ்டிலே மக்களைத் தேடி மருத்துவம் என்று தமிழ்நாட்டிலே தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை. அதே போல, நேற்று அறுவை முடிந்து வந்தவர் வீட்டு வாசலில், மறுநாள் காலை ஒரு செவிலியர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? குறைந்தபட்சம் ஒரு போன்? அந்த நாள் வரட்டும். வந்தால் நானே எதிரணியில் போய் உட்கார்ந்துகொண்டு நிம்மதி என்று பேசுகிறேன். நடுவர் சாட்சி.

அதுவரைக்கும் தாய்மார்களே, ஐந்தே கேள்வி. விரலை மடக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த இடம் பதிவு பெற்றதா, சான்றிதழ் எங்கே மாட்டியிருக்கிறது? இரண்டு, மயக்க மருந்து கொடுப்பவர் யார், தெளிகிற வரைக்கும் இருப்பாரா? மூன்று, நிலைமை கெட்டால் எங்கே கொண்டுபோவீர்கள்? நான்கு, வீட்டில் என்னென்ன வந்தால் பயப்பட வேண்டும் என்பதைத் தமிழிலே எழுதிக் கொடுப்பீர்களா? ஐந்து, ராத்திரி போன் செய்தால் யார் எடுப்பார்? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார். கோபித்துக்கொண்டால், அங்கே படுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே பதில்!

நிறைவாக, இந்த மண்ணின் கதை. எனக்குச் சொல்லத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, உங்களுக்குக் கேட்கத் தகுதி உண்டு. பழையனூர் நீலி. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று வணிகனைத் துரத்தி வருகிறாள். அவன் அலறுகிறான், "இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்." பழையனூர் வேளாளர் எழுபது பேர் என்ன சொன்னார்கள்? "பயப்படாமல் உள்ளே போ. உனக்கு ஒன்று ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் உனக்கு ஈடு." நம்பி உள்ளே போனான். விடிந்து பார்த்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயிலே இறங்கினார்கள் என்பது கதை. அந்தச் சொல்லுக்குச் சாட்சி நின்றவர் என்று சாட்சி பூதேஸ்வரர் இன்றும் இங்கே கோயில் கொண்டிருக்கிறார்.

நடுவர் அவர்களே, இன்றைக்கும் ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் அதே வாக்கியம் கேட்கிறது. "பயப்படாம உள்ளே போங்க. ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." சொல்கிறார்கள். பிணை யார்? யாரும் தீயில் இறங்க வேண்டாம். ஓர் உயிருக்கு எழுபது உயிர் கேட்கிற காலம் இல்லை இது. இந்தக் காலத்தில் அந்தப் பிணைக்குப் பெயர் சட்டம். அந்தச் சாட்சிக்குப் பெயர் கண்காணிப்பு. 1997-இலே சொல் கொடுத்தார்கள், 2018-இலே எழுத்தில் கொடுத்தார்கள். அது ஒவ்வொரு வாசலிலும் வந்து நிற்கிற வரையில், காலையில் அறுவை முடித்து மாலையில் வீடு திரும்புகிற ஒவ்வொரு குடும்பத்திலும், நோயாளி தூங்குவார். பக்கத்தில் ஓர் அம்மா விழித்திருப்பாள். அவள் கண்ணிலே இருப்பது கவலையே, கவலையே என்று நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)